ஏரி மணற்கரையில் தங்க இடம் பார்ப்பது எப்படி? கேபினா, கூடாரமா?

முதன்முதலாக நான் பதிவு செய்த ஏரிக்கரை கேபினின் விளம்பரத்தில் ‘ஏரியைப் பார்த்த வராந்தா’ என்று இருந்தது. பொய் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்தால் ஏரி தெரிந்தது. ஆனால் அதில் கால் நனைக்க, வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையில் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. படத்தில் பார்த்த மணற்கரையும் அங்கேதான் இருந்தது. தண்ணீர்தான் அதை விட்டு இறங்கிப் போயிருந்தது. அது அணை கட்டித் தேக்கிய ஏரி. கோடைக் கடைசியில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். படம் நீர் நிரம்பிய மாதத்தில் எடுத்தது.

அதற்கப்புறம் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் தண்ணீர், பிறகு கரை, கடைசியில்தான் அறை. மெத்தை சரியில்லை என்றால் ஒரு இரவு சமாளித்துவிடலாம். இறங்கவே முடியாத ஏரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படி 1: ஏரி எப்படிப்பட்டது என்று பாருங்கள்

வரைபடத்தில் ஏரியின் ஒரு முனையில் நேர்கோடாக அணை தெரிகிறதா? தெரிந்தால் அது நீர்த்தேக்கம். சாட்டிலைட் படத்துக்கு மாறிப் பெரிதாக்குங்கள். மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெளிறிய பட்டை ஒன்று ஏரியைச் சுற்றி ஓடினால், நீர்மட்டம் நன்றாக ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நீங்கள் போகும் மாதத்தில் பயணிகள் போட்ட படங்களை மட்டும், தேதி பார்த்துத் தேடுங்கள். உரிமையாளர் போட்ட படம் எப்போதும் மிக நல்ல நாளில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஆழம். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அதனால் ஆழமான பெரிய ஏரிகளில் கோடைத் தொடக்கத்தில் வெயில் கொளுத்தினாலும் நீர் ஜில்லென்றே இருக்கும். நீச்சலுக்குச் சுகமாவது கோடையின் பிற்பகுதியில்தான். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் சட்டென்று குதித்தால் மூச்சு திணறும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும்.

ஆழம் குறைந்த ஏரி சீக்கிரம் வெதுவெதுப்பாகும். ஆனால் வெயிலும் உரச்சத்தும் சேர்ந்தால் அங்கேதான் நீலப்பச்சைப் பாசி பெருகும். பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது போல மேலே ஆடை படிந்திருந்தால் நீங்களும் இறங்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் விடாதீர்கள். அந்தப் பாசி விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஏரியின் பெயரோடு ‘பாசி எச்சரிக்கை’ என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் செய்தி வந்திருந்தால் வேறு ஏரி பார்ப்பது நல்லது.

படி 2: கரையையும் காற்றையும் கவனியுங்கள்

‘ஏரிக்கரை’ என்றால் மணல் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கோரைப்புல், கூழாங்கல், உளை எல்லாம் கரைதான். மணல் இருந்தாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கரை சரிவாக இறங்குகிறதா, நாலு அடியில் திடீரென்று ஆழமாகிறதா? குளிக்கும் இடத்தை மிதவைக் கயிறு கட்டிப் பிரித்திருக்கிறார்களா? படகு இறக்கும் சாய்தளம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், குழந்தைகளோடு நான் அங்கே போகமாட்டேன்.

காற்று விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நிலத்திலிருந்து ஏரியை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் கரையோரம் அலையே இல்லாமல் கண்ணாடி போல இருக்கும். அன்றுதான் காற்றடைத்த மிதவைகள் அடித்துக்கொண்டு போகும். போதாததற்கு, அந்தக் காற்று மேலே உள்ள சூடான நீரை உள்ளே தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் கரைக்கு ஏறிவரும். அமெரிக்காவின் மிச்சிகன் போன்ற பெரிய ஏரிகளில் நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று விறைக்க வைப்பதற்கு இது ஒரு காரணம்.

தண்ணீரின் சுத்தத்துக்கு, அந்த ஊர் நிர்வாகம் பாக்டீரியா சோதனை முடிவுகளை வெளியிடுகிறதா என்று பாருங்கள். சுத்தமான கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று 1985இல் பிரான்சில் தொடங்கியது; அது கடற்கரைகளுக்கு மட்டுமல்ல, ஏரிக்கரைகளுக்கும் உண்டு. எந்தக் கொடி பறந்தாலும், பெருமழை பெய்தால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே இறங்குங்கள். சுற்றுவட்டார அழுக்கெல்லாம் அப்போது ஏரியில்தான் வந்து சேரும்.

படி 3: கேபினா, கூடாரமா?

‘கேபின்’ என்ற சொல்லை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். சமையலறை, வெந்நீர், கழிப்பறை எல்லாம் உள்ள சிறிய வீடும் கேபின்தான். நாலு மரச் சுவர், இரண்டு கட்டில், ஒரு பல்பு மட்டும் உள்ள அறையும் கேபின்தான். இரண்டாவது வகையில் கழிப்பறை வெளியே பொதுவில் இருக்கும்; போர்வை, தலையணையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கழிப்பறை, குடிநீர், படுக்கை விரிப்பு, பாத்திரம், கொசுவலை அடித்த ஜன்னல் ஆகிய ஐந்தும் உள்ளே இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எல்லா வசதியும் உண்டு’ என்பது பதில் ஆகாது.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: கூடாரம் போட இடம் வாடகைக்குத் தரும் கேம்ப் கிரவுண்டுக்குள்ளேயே இருக்கும் சாதாரண கேபின். மழை வந்தால் கூரை இருக்கும், கூடாரத்தில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம். கூடாரம்தான் என்று முடிவு செய்தால், அதை வீட்டிலேயே ஒரு முறை விரித்துக் கட்டிப் பாருங்கள். இருட்டில், கொசுக்கடியில் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல அது.

படி 4: வரைபடத்தில் சரியான எண்ணைப் பிடியுங்கள்

கூடார இடங்களுக்கு எண் போட்டு ஒரு வரைபடம் தருவார்கள். எல்லோரும் தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைக்குப் பாய்வார்கள். நான் பாயமாட்டேன். முதல் வரிசையில் காற்று கூடாரத்தை ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கும். பின்வரிசைக்காரர்கள் வாளியும் துண்டுமாக உங்கள் அடுப்பைத் தாண்டித்தான் கரைக்குப் போவார்கள். இரண்டாவது வரிசையில், கரைக்குப் போகும் பாதையிலிருந்து ஓர் இடம் தள்ளி எடுங்கள்.

கழிப்பறைக்கு நேர் எதிரே வேண்டாம். வாசனையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; விடிய விடிய எரியும் விளக்கையும் படார் படாரென்று சாத்தும் கதவையும் பொறுக்க முடியாது. அதற்காக வெகுதூரமும் போகாதீர்கள், நடுராத்திரியில் டார்ச்சோடு போகிற தூரம் அது. பள்ளமான இடத்தில் மழைநீர் தேங்கும், குளிர்காற்றும் இறங்கித் தங்கும். கிழக்கே மரம் இருந்தால் காலை வெயில் கூடாரத்தை அடுப்பாக்காது. ஆனால் அந்த மரத்தை அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால் உடனே வேறு எண் கேளுங்கள். எண் போடாத திறந்த இடமென்றால், தண்ணீரிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டுவது வழக்கம்.

படி 5: தேதியும் விதிகளும்

வார நாட்களில் கூட்டம் குறைவு, வாடகையும் பெரும்பாலும் குறைவு. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், குறைந்தது எத்தனை இரவு எடுக்க வேண்டும் என்று படித்துவிடுங்கள். பல இடங்களில் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. விறகை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதோடு பயணம் போகும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். குளிர் எவ்வளவு இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு போன். ‘கேபின் வாசலில் நின்று ஏரியைப் பார்த்தபடி இன்றைக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?’ என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் படம் அனுப்பிய இடங்கள் எதுவும் என்னை இதுவரை ஏமாற்றியதில்லை. ‘இணையத்தில்தான் நிறைய படம் இருக்கிறதே’ என்று சொன்னவர்களிடம் நான் பதிவு செய்ததும் இல்லை.