பழைய சிங்கப்பூர்ப் பத்திரிகையில் ஒரு வாரத்தை வாசிப்பது எப்படி?

1918ல் ஒரு போர் முடிந்தது, 1939ல் அடுத்தது தொடங்கியது. அந்த இடைவெளியில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த நம் ஆட்கள் எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எதற்காகக் கோர்ட்டுப் படி ஏறினார்கள்? வரலாற்றுப் புத்தகங்கள் இதை அரைப் பத்தியில் முடித்துவிடுகின்றன. அந்த ஊர்ப் பத்திரிகைகளிலோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. ஒரு கணினி, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

படி 1: தளமும் பத்திரிகையும்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்துக்குப் போங்கள். இந்தக் காலத்து ஆங்கில இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். முதலில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன். முன்னது வெள்ளைக்கார வியாபாரிகளையும் அதிகாரிகளையும் மனத்தில் வைத்து எழுதியது. 1914ல் தொடங்கிய டிரிபியூன், ஆங்கிலம் படித்த ஆசியர்களுக்கானது. சீனர், யுரேசியர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் (அலுவலக எழுத்தர்கள்) எல்லோரும் அதன் வாசகர்கள். ஒரே வாரத்தை இரண்டிலும் படித்தால் இரண்டு ஊர்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

படி 2: தேடாதீர்கள், புரட்டுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகத் தேடல் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். அது பிறகு. முதலில் ஒரு தேதியைப் பிடித்து முழு இதழையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பழகுவதற்கு 1924 ஜூன் கடைசி வாரம் நல்லது. 28ஆம் தேதி, சனிக்கிழமை, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. பெரிய செய்திகள் எல்லாம் அதைப் பற்றியே இருக்கும். அவற்றைத் தாண்டிப் போங்கள்.

அந்தக் காலத்தில் முதல் பக்கமே விளம்பரம்தான். அவசரப்பட்டுத் தள்ளிவிடாமல் அங்கேயே பத்து நிமிடம் இருங்கள். யார் எதை விற்கிறார்கள், எந்தப் படம் ஓடுகிறது, எந்த வீடு வாடகைக்கு இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கப்பல் பத்தி. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வரும். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிவந்த கப்பல்கள் அந்தக் கம்பெனியுடையவை. 1926ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற பெயர் சில வருடம் தள்ளிய இதழ்களில் கண்ணில் படும்போது எனக்கு இன்னும் மனம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. பத்தியில் அது ஒரே ஒரு வரி. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள்.

படி 3: காசுக் கணக்கு

விலைகளை வெறும் எண்ணாகப் படித்தால் ஒன்றும் புரியாது. அன்று சிங்கப்பூரிலும் மலாயாவிலும் புழங்கிய நாணயம் ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி (டாலர்), ஒரு வெள்ளிக்கு 100 காசு. அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலையாக இருந்தது. இந்திய ரூபாய் 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக, ஒரு வெள்ளி என்றால் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். எடைக்கு, ஒரு பிக்கல் என்பது 100 காட்டி, சுமார் 60 கிலோ.

இப்போது கூலியைப் பாருங்கள். 1920களின் கடைசியில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஒரு பிரதி 10 காசு. நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அதை வாங்க வேண்டுமென்றால் கூலியில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், பெண் என்றால் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பத்திரிகை யாருடைய கண்ணால் ஊரைப் பார்க்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரப்பர் விலையையும் கூடவே குறித்து வாருங்கள். 1925ல் ஒரு ராத்தல் (பவுண்டு எடை) ஒரு வெள்ளியைத் தாண்டியது, 1932ல் ஐந்து காசு அளவுக்கு விழுந்தது. அந்தச் சிறிய எண் இறங்க இறங்க, கூலி வெட்டு, தோட்டத்தில் ஆள்குறைப்பு, தொழிலாளரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது என்று மற்ற பக்கங்களும் மாறிக்கொண்டே வரும்.

படி 4: இப்போது தேடலாம்

நாம் இன்று எழுதுகிற மாதிரி அன்று எழுதவில்லை. தைப்பூசத்தைத் தேடினால் ஆங்கிலத்தில் 'எச்' போட்டும் தேடுங்கள், போடாமலும் தேடுங்கள். தீமிதிக்கு 'ஃபயர் வாக்கிங்'. செட்டியாருக்கு 'செட்டி', 'செட்டியார்' எல்லாம் உண்டு. நம்மைக் குறித்த 'கிளிங்' என்ற இழிசொல்லையும் தேடித்தான் ஆக வேண்டும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து வசையாகிப் போன சொல் அது. படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். 'தம்பி' என்று தேடிப் பாருங்கள், அலுவலக ஏவலாளுக்கே அது பெயராகிவிட்டிருக்கும். வாயார அழைக்கிற சொல் அங்கே ஒரு வேலையின் பெயர்.

மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். ஒரு எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

படி 5: கோர்ட்டுப் பத்தியில் நிதானம்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். 'தமிழர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் வந்து கொட்டுவது பெரும்பாலும் போலீஸ் கோர்ட்டுச் செய்திதான். குடித்துவிட்டுச் சண்டை, திருட்டு, கத்திக்குத்து. தொடங்கிய புதிதில் நானும் ஒரு வாரம் இவற்றையே நோட்டில் எழுதி, அதுதான் அவர்கள் வாழ்க்கை என்று நினைத்துவிட்டேன். நிருபர் தினமும் போய் உட்கார்ந்த இடம் கோர்ட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் அல்ல. அதனால் கூலிக்காரர் அச்சில் ஏறிய வழி பெரும்பாலும் அது ஒன்றாகவே இருந்தது.

குற்றத்தை ஓரமாக வையுங்கள், அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். சம்பவம் நடந்தது எத்தனை மணிக்கு? எந்தத் தெரு? சாட்சி சொன்னவர் என்ன வேலை பார்த்தார்? காணாமல் போன பெட்டிக்குள் என்னென்ன இருந்தன? இரண்டு வேட்டி, ஒரு சட்டை, கொஞ்சம் பணம் என்று பட்டியல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு மனிதனின் மொத்தச் சொத்து அது.

படி 6: தமிழ்ப் பக்கத்துக்கு வாருங்கள்

கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6ல் 'தமிழ் முரசு' வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு காசு. படி 3ல் போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், இது யார் கைக்குப் போக வேண்டும் என்று நினைத்தார் என்பது தெரியும். இதில் தேடல் பெட்டியை நம்ப வேண்டாம். பழைய 'லை', 'ணை', 'றா' எழுத்துகளைக் கணினி குழப்பிக்கொள்ளும். பக்கம் பக்கமாகப் படிப்பதே வழி.

படி 7: நோட்டு

தேதி, பத்திரிகை, பக்க எண், தலைப்பு நான்கையும் உடனே எழுதுங்கள். பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், இருக்கிற மாதிரியே எழுதி, இதுவாக இருக்கலாம் என்று பக்கத்தில் குறியுங்கள்.

'ஒரு தமிழ்ப் பெண்' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் செய்திகள் நிறைய வரும். அதையும் விடாமல் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 'பெயர் போடவில்லை' என்று எழுதுங்கள்.