மாண்ட்ரியலும் கியூபெக் சிட்டியும்: கோடை விடுமுறைக்குத் திட்டம் போடுவது எப்படி

கனடாவின் இந்த இரண்டு பிரெஞ்சு நகரங்களுக்கும் கிளம்புகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மாண்ட்ரியலில் ஐந்து நாள் தங்கிவிட்டு, கியூபெக் சிட்டிக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடுவார்கள். நடுவில் சுமார் 250 கிலோமீட்டர் தூரம், ஆக அந்த நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும், மிச்சத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நாலு போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு வாரம் இருந்தால் மாண்ட்ரியலில் மூன்று இரவு, கியூபெக்கில் மூன்று இரவு, விமானம் ஏற வசதியாகக் கடைசி இரவு மறுபடி மாண்ட்ரியலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஜூன் 24 கியூபெக் மாகாணத்தின் தேசிய விழா, ஜூலை 1 கனடா தினம். அந்த ஜூலை 1-ஆம் தேதிதான் மாண்ட்ரியலில் ஏகப்பட்ட பேர் வாடகை வீடு மாறும் நாளும்கூட, தெருவெல்லாம் சோபாவும் ஃப்ரிட்ஜும் கிடக்கும். ஜூன் கடைசியில் ஜாஸ் விழா ஆரம்பிக்கும், திறந்தவெளிக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. ஜூலையில் கியூபெக் சிட்டியின் கோடை இசை விழா. இதெல்லாம் தெரிந்துதான் வருவீர்கள். பலருக்குத் தெரியாதது, ஜூலை பின்பாதியில் கட்டுமானத் துறைக்கே மாகாணம் முழுக்க இரண்டு வாரம் விடுமுறை விடுவார்கள் என்பது. உள்ளூர்க்காரர்களே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவதால் அறை கிடைப்பது கஷ்டம். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் இறுதி.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும், அதை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

இரண்டு நகரத்திலும் கார் தேவையில்லை. மாண்ட்ரியலில் மெட்ரோ இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து 747 பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. கார் எடுத்தே தீருவேன் என்றால், மாண்ட்ரியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள். கியூபெக்குக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், பேருந்தும் உண்டு.

1642-இல் மாண்ட்ரியல் தொடங்கிய இடத்திலேயே இன்று பாயிண்ட்-அ-கலியேர் அருங்காட்சியகம் நிற்கிறது, கீழே இறங்கினால் பழைய அடித்தளங்களுக்கு நடுவே நடக்கலாம். நோத்ர்-தாம் பேராலயத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது. மாலையில் மோன்-ரோயால் குன்றில் ஏறுங்கள். ஒரு காலை ஜோன்-தலோன் சந்தைக்கு. அப்புறம் விறகடுப்பில் சுட்ட பேகல் என்கிற வளைய ரொட்டி, சூடாக இருக்கும்போதே. சைவக்காரர்கள் பூட்டின் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள், உருளைக்கிழங்கும் சீஸும்தானே என்று தோன்றும், மேலே ஊற்றுகிற கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு.

கியூபெக் சிட்டி அதைவிட மூத்தது, 1608-இல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. மதில் சுவர் இன்னும் நிற்கிறது, 4.6 கிலோமீட்டர், அதன் மேலேயே நடக்கலாம், காசு கிடையாது. ஊர் மேலூர், கீழூர் என்று இரண்டு தட்டு. ரயில் நிலையம் கீழே, கோட்டைக்குள் இருக்கும் விடுதிகள் மேலே, நடுவே செங்குத்தான கல் தெரு, இதில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் முதல் நாளே இடுப்பு போய்விடும், பேசாமல் டாக்சி பிடியுங்கள். சுற்றும்போது பழனி விஞ்ச் மாதிரி ஒரு வண்டி இருக்கிறது, இல்லையென்றால் 'கழுத்தொடி படிக்கட்டு' என்று பெயர் வாங்கிய படிகளில் இறங்கலாம். செலவு கூடினாலும் மதிலுக்குள்ளேயே தங்குங்கள். பகலில் வந்த கூட்டம் சாயங்காலம் கிளம்பிவிடும், அதன் பிறகு ஊர் உங்களுடையது.

ஆபிரகாம் சமவெளி பார்வைக்கு வெறும் புல்வெளிதான். ஆனால் 1759 செப்டம்பரில் அரை மணி நேரத்துக்குள் முடிந்த ஒரு சண்டையில் இரு பக்கத் தளபதிகளும் உயிரைக் கொடுத்த இடம் அது. பிரிட்டிஷ் தளபதி வூல்ஃப் களத்திலேயே செத்தார், பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் மறுநாள் காலை. பிரெஞ்சு ஆட்சி போனது, மொழி போகவில்லை. ஒரு பகலை மோன்மொரன்சி அருவிக்கு ஒதுக்குங்கள். 83 மீட்டர், நயாகராவைவிட உயரம்.

பேச்சைத் தொடங்கும்போது 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பாரிஸ் பிரெஞ்சு படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 'தெழனே' மதியச் சாப்பாடு, இங்கே அது காலைச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்குப் போய் அதைக் கேட்டால் முட்டையும் ரொட்டியும்தான் வரும். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகையை நம்பாதீர்கள், கிட்டத்தட்ட 15 சதவீத வரி, அதற்கு மேல் 15 சதவீதமாவது டிப்ஸ்.

கியூபெக் சிட்டியில் கடைசிச் சாயங்காலம், ஆற்றின் அக்கரையில் இருக்கும் லெவி ஊருக்குப் போகும் படகில் ஏறுங்கள், உல்லாசப் படகுக்குக் கொடுப்பதில் கொஞ்சம்தான் ஆகும். போகும்போது உள்ளே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. திரும்பும்போது மேல்தளத்தில் முன்பக்கம் நில்லுங்கள், மேலூரில் கோட்டை மாதிரி நிற்கிற ஷாத்தோ ஃப்ரோந்தெனாக் ஹோட்டல் விளக்கேற்றிக்கொண்டு எதிரே வரும்.