ஆட்டுக்கல்லை நகர்த்த ஆள் தேட வேண்டாம்

கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லை மதில் ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு பேர் முக்கிப் பார்த்தும் அசையவில்லை. அப்புறம்தான் கடப்பாரை ஞாபகம் வந்தது.

5 அடிக் கடப்பாரையின் முனையைக் கல்லுக்கு அடியில் செருகுங்கள். முனையிலிருந்து அரை அடி தள்ளி, அதற்குக் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். கல் பக்கம் அரை அடி, நம் பக்கம் நாலரை அடி. நாம் அழுத்துவது 9 மடங்காகக் கல்லுக்குப் போகும். ஒரு பக்கத்தைக் கிளப்ப 45 கிலோ பலம் வேண்டுமென்றால் 5 கிலோ அழுத்தம் போதும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. கல் 1 அங்குலம் எழும்ப, கை 9 அங்குலம் இறங்க வேண்டும். அசையவில்லையா, கட்டையைக் கல்லுக்கு இன்னும் நெருக்கி வையுங்கள்.

நான் முதலில் செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். பொடிப்பொடியாகிவிட்டது. மரக்கட்டைதான் சரி.

எழும்பிய இடைவெளியில் கையை மட்டும் விடாதீர்கள். பழைய இரும்புக் குழாய்த் துண்டுகள் மூன்றை ஒரு குச்சியால் உள்ளே தள்ளுங்கள். இனி கல் உருளும், ஒருவரே தள்ளலாம். பின்னால் வெளியே வரும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும். மண் தரை என்றால் குழாய் புதையும். கீழே பலகை போடுங்கள். படி ஏற்றவும் அதே பலகையைச் சாய்த்து வைத்தால் ஆயிற்று. எவ்வளவு நீளமோ அவ்வளவு லேசு.