ஜார்ஜியன் காலக் கட்டடங்கள்: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1714இல் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியது முதல் 1830இல் நான்காம் ஜார்ஜ் மறைந்தது வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எழுந்த கட்டடங்களை ஜார்ஜியன் பாணி என்கிறோம். இங்கிலாந்தின் பாத் நகரில் பிறை வடிவில் அமைந்த ராயல் கிரெசென்ட் வீட்டு வரிசை இதற்குப் புகழ்பெற்ற சான்று. இத்தகைய கட்டடங்களைப் புறக்கணிப்பு சிதைப்பது உண்மைதான். ஆனால் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பழுதுபார்ப்பும் அதற்குக் குறையாமல் சிதைக்கிறது.

முதல் தவறு, செங்கற்களுக்கு இடையிலுள்ள பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டுச் சிமென்டால் பாயிண்டிங் செய்வது, அதாவது அந்த இடுக்குகளைச் சிமென்டால் நிரப்புவது. அக்காலச் சுவர், மழையில் உள்வாங்கும் ஈரத்தை மென்மையான காரையின் வழியே வெளியேற்றி உலரும் இயல்புடையது. சிமென்ட் அவ்வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. உப்பும் உறைபனியும் சேர்ந்து செங்கல்லின் முகத்தை உதிர்க்க, சிமென்ட் கோடுகள் மட்டும் வலைப்பின்னல்போல் துருத்தி நிற்கும். பிறகு அதைப் பெயர்த்தால் செங்கல்லின் ஓரமும் கூடவே வரும். காரை எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்ந்த காரையை மாற்றலாம், தேய்ந்த செங்கல்லை என்ன செய்வது?

உட்சுவரில் ஈரம் கண்டவுடன் ஈரத்தடுப்பு இரசாயனத்தைச் செலுத்துவதும் அவசர வேலையே. கூரையை மறைக்கும் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஈயத் தகடு பதித்த நீர்க்கால் ஓடுகிறது. அது இலைகளால் அடைபட்டால், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள் நனைந்து பூஞ்சையால் உளுத்துப்போகும். ஏணி வைத்து அதைப் பார்த்த பிறகே மற்ற வைத்தியம்.

மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல்களை அகற்றிப் பிளாஸ்டிக் சட்டங்களைப் பொருத்தினால், ஊதிச் சுழற்றிச் செய்த பழைய கண்ணாடியின் மெல்லிய நெளிவும், அதில் தெரு அசைந்து தெரிவதும் போய்விடும். குளிர் தாங்கவில்லையெனில் இடுக்குகளை அடைத்து, உட்புறம் இரண்டாம் கண்ணாடி வைக்கலாம். அடைத்த ஜன்னல்கள் அனைத்தும் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கைக்கேற்ப விதிக்கப்பட்ட ஜன்னல் வரியால் வந்தவை என்று எண்ணி உடைத்துத் திறப்பதும் தவறு. அவற்றில் பல, முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே போலியாகக் கட்டப்பட்டவை.

உள்ளே, சுண்ணச் சாந்து அலங்காரங்களின் மீது அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் நுண்வேலை மங்கிவிடும். இங்கிலாந்தில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை, உட்புறமே ஆயினும், அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, நிலத்தோட்ட வடிவமைப்பாளர் லான்சலாட் பிரவுன் (1716–1783) உருவாக்கிய புல்வெளிகளையும் ஏரிகளையும் இயற்கையாக அமைந்தவை என்று நம்பிப் பராமரிப்பின்றி விடுவதே பெரும் பிழை. வீட்டிலிருந்து பார்வை எதுவரை செல்ல வேண்டும் என்று திட்டமிட்டே மரக்கூட்டங்கள் நடப்பட்டன. இடைவெளிகளைப் புதிய மரங்களால் நிரப்பினால் அத்திட்டம் மறைந்துவிடும். கால்நடைகளைத் தடுக்கக் கண்ணுக்குத் தெரியாதபடி வெட்டிய ஹா-ஹா அகழியைத் தூர்த்து, அங்கே வேலி போடுவோரும் அத்திட்டத்தையே குலைக்கிறார்கள்.