லொக்-இன் செய்தபடியே விடலாமா? எந்தக் கருவியில் விடலாம், எதில் கூடாது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸைச் சுற்றியிருக்கிற போட்டோகொப்பிக் கடைகளில் தினமும் நடக்கிற கூத்து இது. அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்க வேண்டும், கடைக் கொம்பியூட்டரிலேயே ஜிமெயிலைத் திறந்து, எடுத்து, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்ததாக வந்து ஜிமெயிலைத் திறக்கிறவருக்கு முதல் ஆளின் கடிதம் எல்லாம் வரிசையாகக் கிடக்கும்.

பாஸ்வேர்டைச் சரியாக அடித்ததும் அந்தத் தளம் உங்கள் பிரவுசருக்குள் குக்கி என்று ஒரு சின்னத் தரவை வைத்துவிடும். பெயர் போடாத பஸ் சீசன் டிக்கெட் மாதிரி, யார் கையில் இருந்தாலும் உள்ளே விடும், பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்காது. இதனால் லொக்-இன் செய்தபடி விடுவதே பிழை என்று இல்லை. பூட்டு போட்ட சொந்தப் போனில் தாராளமாக விடுங்கள், அடிக்கடி பாஸ்வேர்ட் அடிக்காமல் இருந்தால் போலிப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வாய்ப்பும் குறையும்.

கடைக் கொம்பியூட்டரில் லொக்-இன் செய்யவே வேண்டாம். தேவையான அந்த ஒரு பைலை மட்டும் உங்கள் போனிலிருந்து கடையின் ஈமெயிலுக்கு அனுப்பிவிட்டு, பிரிண்ட் எடுத்ததும் அதை அழிக்கச் சொல்லுங்கள், டவுன்லோட் போல்டரிலும் ஒரு கொப்பி கிடக்கும். வேறு வழியே இல்லையென்றால் இன்கொக்னிடோவில், அதாவது மூடியதும் குக்கியை வைத்திருக்காத தனி ஜன்னலில் திறந்து, முடிந்ததும் லொக்-அவுட் செய்து, எல்லா இன்கொக்னிடோ ஜன்னலையும் மூடுங்கள். வட்ஸ்அப் வெப்புக்குக் கியூஆர் கோடை மட்டும் கடையில் ஸ்கான் செய்யாதீர்கள். உங்கள் சட் அங்கே போய் இறங்கிவிடும். முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் பாவிக்காமல் விட்டால் அது தானாக வெட்டப்படும், நாமோ போனைக் கீழே வைக்கிறதே இல்லை.

ஏற்கெனவே எங்கெங்கே திறந்து கிடக்கிறது என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ், டெலிகிராமில் செட்டிங்ஸுக்குள் டிவைசஸ், கூகிள் கணக்கில் செக்யூரிட்டிக்குள் யுவர் டிவைசஸ். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே லொக்-அவுட் செய்யலாம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்க கொழும்பு என்று காட்டினால் உடனே பதறாதீர்கள், இணைய முகவரியை வைத்து ஊகிக்கிற இடம் அது. எந்த மாதிரிக் கருவி, எப்போது பாவித்தது என்பதைப் பாருங்கள்.

வீட்டில் ஒரே லப்டொப்பை அண்ணன், தங்கச்சி எல்லாரும் பாவித்தால் விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கும் தனிப் பின் நம்பரும் வையுங்கள். குரோம் ப்ரொபைல் மட்டும் போதாது, ஒரு கிளிக்கில் அடுத்தவரின் ப்ரொபைலுக்குள் போய்விடலாம். அந்த லப்டொப்பில் கிராக் சொப்ட்வேர் போடவும் விடாதீர்கள். குக்கியைத் திருடுகிற வைரஸ் அடிக்கடி அதோடு வரும், குக்கி களவு போனால் பாஸ்வேர்டோடு எஸ்எம்எஸ் கோட் மாதிரி இன்னொன்றையும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் பிரயோசனமில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து எல்லாக் கருவிகளையும் லொக்-அவுட் செய்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிற மாமா தன் பழைய போனை மருமகனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார் அல்லவா, அதில் இன்னொரு சிக்கல். கூகிள் கணக்கை எடுக்காமல் போனை அணைத்துப் பட்டன்களை அழுத்தித் திறக்கிற ரிக்கவரி மெனுவால் ரீசெட் செய்தால், போன் திரும்ப எழும்பும்போது மாமாவின் பழைய கணக்கைத்தான் கேட்கும். அப்போது ரொறன்ரோவில் நடுச்சாமமாக இருக்கும், பாஸ்வேர்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது. அவர் பிளேன் ஏறுவதற்கு முதலே செட்டிங்ஸில் கணக்கை அகற்றி, அப்புறம் ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

திருத்தக் கொடுக்கிற போனும் அப்படித்தான், கடைக்காரர் பின் நம்பரைக் கேட்டால் எல்லாக் கணக்கும் அவர் முன்னால் திறந்தபடி. சாம்சங் என்றால் பல மொடல்களில் மெயின்டெனன்ஸ் மோட் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள், உங்கள் படமும் மெசேஜும் அவருக்குத் தெரியாது.

வங்கி அப் சில நிமிடத்தில் தானாக வெளியேற்றுவது எரிச்சல்தான், அதை அப்படியே விடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் லொக்-அவுட் செய்யப் போகிறவர்கள் அதற்கு முதல் எஸ்எம்எஸ் கோடுக்குப் பதிலாகப் பாவிக்கிற கூகிளின் பக்கப் கோட் 10ஐயும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிம் தொலைந்தாலோ வெளிநாட்டில் வேலை செய்யாவிட்டாலோ எஸ்எம்எஸ் வராது. அந்தத் தாளைப் படம் பிடித்து அதே ஜிமெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள்.