மட்டை, மடிப்பு, பிறகுதான் பூ: கையால் மடலும் அழைப்பிதழும் செய்ய

முதல் வாழ்த்து மடல் செய்பவர்கள் பலர் மினுக்குத் தூளும் ரிபனும் வாங்கிக்கொண்டு தொடங்குகிறார்கள். கையால் செய்த மடல் அரைகுறையாகத் தெரிவதற்கு அலங்காரக் குறைவு காரணமல்ல. மடிப்பு வெடித்திருக்கும், விளிம்பு பிசிறியிருக்கும், மட்டை நெளிந்திருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்தால் வெறும் வெள்ளை மடல்கூட கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையான ஏ4 மட்டை போதும். 160 என்றால் மேசையில் நிற்காமல் சரியும், 300 என்றால் கையால் மடிப்பது சிரமம். வாங்கியதும் நாரோட்டம் பாருங்கள். மட்டையை இரு கைகளாலும் மெதுவாக வளைத்தால் ஒரு பக்கமாக இலகுவாக வளையும், மறுபக்கமாக முரண்டு பிடிக்கும். இலகுவாக வளையும்போது குழாய்போல் உருளும் அல்லவா, அந்தக் குழாயின் நீளம் கிடக்கும் திசையில்தான் நார் ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் விழ வேண்டும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து, நிற மட்டையில் வெள்ளைக் கீறல் தெரியும்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளப்பக்கமாக ஓடும். அதனால் முழுத்தாளைப் பாதியாக மடிக்காமல், குறுக்கே இரண்டாக வெட்டி 148 × 210 மி.மீ. துண்டுகளாக்குங்கள். ஒவ்வொன்றையும் மடித்தால் 105 × 148 மடல் கிடைக்கும், மடிப்பும் நாரோடு போகும். 50 அழைப்பிதழுக்கு 25 தாள். பழகும்வரை வீணாகும் என்பதால் 28 எடுத்து வையுங்கள்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு அடிமட்டமும் கூரான கட்டரும் வேண்டும். பிளாஸ்டிக் அடிமட்டத்தை அலகு சீவிவிடும். அடிமட்டத்தை உங்களுக்குத் தேவையான துண்டின் மேல் வையுங்கள், கை வழுக்கினால் கழிவுப் பக்கம்தான் கீறுப்படும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல் மெதுவாக மூன்று தடவை இழுங்கள். விளிம்பில் பஞ்சு போல் நார் எழும்பினால் அலகு மழுங்கிவிட்டது, நுனியை முறித்து அடுத்ததை எடுங்கள். அடியில் தடித்த பழைய மட்டை போடலாம். கண்ணாடியின் மேல் வெட்டினால் அலகு சீக்கிரம் மழுங்கும்.

மடிப்புக்கு முன் கோடு போட வேண்டும். இந்தப் படியைத்தான் அவசரக்காரர் விட்டுவிடுவார்கள். மை முடிந்த குமிழ்முனைப் பேனையால், ஓரத்திலிருந்து 105 மி.மீ. தள்ளி, அடிமட்டம் வைத்து இரண்டு தடவை அழுத்தி இழுங்கள். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் சிறு மேடும் உண்டாகும். மேடு மடலின் உள்ளே வரும்படி மடியுங்கள். பலர் மாறி மடிப்பார்கள், அப்போது வெளிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். மடித்தபின் மேலே ஒரு வெற்றுத்தாள் வைத்துக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். நேரே தேய்த்தால் மட்டை பளபளத்து வடுவாகும்.

ஒட்டுவதில்தான் எங்கள் திருகோணமலைக் காலநிலை குறுக்கே வரும். நத்தார், தைப்பொங்கல் மடல்கள் செய்யும் நேரம் மாரி. கடற்காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துவிடும், பைண்டர் கம் (போத்தலில் வரும் ஈரப் பசை) காய நெடுநேரம் எடுக்கும். ஈரப் பசை பட்ட பக்கம் நார் ஊதும், மறுபக்கம் ஊதாது, அதனால்தான் மட்டை வளைகிறது. பெரிய துண்டுகளுக்கு கம் ஸ்டிக் அல்லது இருபக்கமும் ஒட்டும் டேப் பாவியுங்கள். பைண்டர் கம் சிறு பூக்களுக்கும் மணிகளுக்கும் மட்டும், ஊசிமுனை அளவில். ஒட்டியதைப் பொலித்தீன் தாளுக்கு இடையில் வைத்து, மேலே பாரமான புத்தகங்களோடு ஓர் இரவு விடுங்கள். பாவிக்காத மட்டையை இறுகக் கட்டிய பையில் வையுங்கள். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் பிரச்சினை தலைகீழ்: போத்தல் வாயில் பசை உறையும், நறுக்குகள் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வதே நல்லது.

உள்தாளை ஸ்டேப்ளர் போட்டுப் பிணைக்காதீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும். 90 அல்லது 100 ஜி.எஸ்.எம். தாளை 138 × 200 அளவில் வெட்டி மடித்து, மடிப்போரத்தில் பின்பாதியில் மட்டும் 5 மி.மீ. அகலத்துக்கு ஒட்டுங்கள். முழுவதும் ஒட்டினால் மடலை மூடும்போது உள்ளே சுருங்கும். பட்டு நூலால் கட்டுவது அதைவிட அழகு. இன்க்ஜெட்டில் அச்சிட்ட எழுத்து ஈரக்கை பட்டால் கலையக்கூடும். லேசர் அச்சு அல்லது போட்டோக்கொப்பி பாதுகாப்பு.

முகப்புக்கு ஊரே உருவம் தரும். நகரத்துத் தெருவில் உலாவும் புள்ளிமான், கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலையின் செங்குத்துப் பாறை, மூன்று நீலத்தில் கிழித்து அடுக்கிய கடல். ஒரு மடலில் ஒன்று போதும், மூன்றையும் சேர்த்தால் எதுவும் தெரியாது.

அழைப்பிதழில் எழுத்துத்தான் உயிர். சைவக் குடும்பம் என்றால் மேலே பிள்ளையார் சுழி. நிக்காஹ், தேவாலயத் திருமணம் என்றால் அந்த வீட்டாரிடம் தலைப்பைக் கேட்டே எழுதுங்கள். தமிழ் வருடப் பெயரில் தவறு வருவது சாதாரணம்: ஜனவரியில் அது மாறாது. 2026 சித்திரைப் பிறப்பு வரை விசுவாவசு, அதன்பின் பராபவ. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று ஐயரிடம் கேட்டு முகூர்த்த நேரத்தை எழுதுங்கள், இரண்டிலும் நேரம் வேறுபடும். 50ஐயும் அச்சிடுமுன் ஒன்றை மட்டும் எடுத்து, வீட்டில் இன்னொருவரிடம் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். பெயரெழுத்துப் பிழை அப்போதுதான் பிடிபடும்.

மூலைகளில் மஞ்சள் தடவுவதானால் மஞ்சள்தூளில் சில துளி நீர் மட்டும் விட்டுக் களியாகக் குழையுங்கள். தண்ணீராக இருந்தால் ஊறிப் பரவி மட்டை நெளியும். உள்தாள் ஒட்டுமுன் தடவி, நிழலில் காயவிடுங்கள், வெயிலில் நிறம் வெளிறும். இறந்தவருக்கான கிரியையான அந்தியேட்டி அழைப்புக்கு மஞ்சள் இல்லை.

இந்த மடலுக்கு சி6 உறை, 114 × 162 மி.மீ., சரியாகப் பொருந்தும். தபாலில் போவதற்கு முத்தும் தடித்த முடிச்சும் வேண்டாம், முத்திரை குத்தும்போது உறை கிழியும். முகவரியை மடலை உள்ளே போடுமுன் எழுதுங்கள், இல்லாவிட்டால் பேனையின் அழுத்தம் முகப்பில் பதிந்துவிடும்.