முதலில் பிரதியைப் பாருங்கள்: கவனிப்பாரற்றுப் போன திகில், அறிவியல் புனைவுப் படங்களை ரசிப்பது எப்படி

வெளியானபோது ஓடாமல் போய், பிறகு ஒரு சிறு ரசிகர் கூட்டத்தால் விடாமல் பேசப்படும் திகில் படங்களும் அறிவியல் புனைவுப் படங்களும் ஏராளம். 'கல்ட்' என்ற பெயரைக் கேட்டு ஆவலோடு போட்டுப் பார்த்து, "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று பாதியில் நிறுத்தியவர்களும் ஏராளம். அவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. வெட்டிக் குறைத்த, ஓரம் நறுக்கிய, நிறம் போன ஏதோ ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். புகழ்பெற்ற படங்களின் நல்ல பிரதி தானாகக் கைக்கு வந்துவிடும். இந்த வகைப் படங்களுக்கு அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதனால் இங்கே பாதிக்கு மேல் பிரதியைப் பற்றித்தான்.

ஓடும் நேரம்

படத்தைப் போடுவதற்கு முன் மொத்த நேரத்தைப் பாருங்கள். ஆந்த்ரே ஜுவாவ்ஸ்கியின் 'பொசெஷன்' (1981) 124 நிமிடப் படம். அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை 81 நிமிடமாக வெட்டிவிட்டார்கள். ஒரு திருமணம் உடைவதுதான் அந்தப் படத்தின் உயிர். அந்த உடைவைக் காட்டும் காட்சிகளை எடுத்துவிட்டால், காரணமில்லாமல் அலறும் ஒரு பெண்ணும் விநோதமான ஒரு ஜந்துவும்தான் மிஞ்சும். இசபெல் அட்ஜானிக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்த நடிப்பு, குறைக்கப்பட்ட வடிவத்தில் வெறும் கூச்சலாகத் தெரியும். அந்த நடிப்புக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டியவை அங்கே இல்லை.

ஒரு தீவுக்கு விசாரணைக்குப் போகும் போலீஸ்காரரின் கதையான 'தி விக்கர் மேன்' (1973) இன்னும் சிக்கலானது. திரையரங்குக்கு வந்தது ஏறத்தாழ 87 நிமிட வடிவம். அதுவும் இன்னொரு படத்தோடு சேர்த்து இரண்டாவது படமாக ஓட்டப்பட்டது. 99 நிமிட வடிவம் ஒன்றும், 2013இல் வந்த, இரண்டுக்கும் இடைப்பட்ட நீளமுள்ள 'ஃபைனல் கட்' ஒன்றும் உண்டு. மிகக் குறுகிய வடிவத்தில் தீவில் கழியும் இரவுகள் குறைந்துவிடுவதால், போலீஸ்காரரின் மன உறுதி படிப்படியாகச் சோதிக்கப்படுவது தெரியாமல் போகிறது. முதல் முறை பார்ப்பவர்கள் 2013 வடிவத்தை எடுப்பது நல்லது. 99 நிமிட வடிவத்தில் சேர்க்கப்பட்ட துண்டுகள் மங்கலாக இருக்கும். படம் பிடித்துப்போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. நேரம் குறைந்திருந்தாலே வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான 'பால்' முறைக்காகத் தயாரான பிரதிகளில், நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படம் 25 ஃப்ரேமில் ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். 124 நிமிடப் படம் 119 ஆகும். நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தால் அது வேக மாற்றம், அதற்கு மேல் குறைந்தால் கத்தரி. வேகம் கூடிய பிரதியில் குரல்களும் கொஞ்சம் கீச்சென்று ஒலிக்கும். வேறு வழியில்லை என்றால் பார்க்கலாம், ஆனால் மெதுவாக மூச்சை இறுக்கும் படங்களுக்கு அது கெடுதல்தான்.

மௌனப் படங்களில் நிறத்தையும் கவனிக்க வேண்டும். 'நோஸ்ஃபெராட்டு'வின் (1922) இரவுக் காட்சிகள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. பிரதியில் நீலச் சாயம் ஏற்றினால்தான் அது இரவு என்று புரியும். சாயமில்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில், வெயிலைக் கண்டால் அழிந்துபோகும் பிசாசு பட்டப்பகலில் சவப்பெட்டியோடு நடமாடுவதுபோல் இருக்கும். "பழைய படம், அப்படித்தான் இருக்கும்" என்று பலர் சிரித்துவிட்டுப் போவது இதனால்தான். சாயத்தோடு மீட்கப்பட்ட, சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் பிரதியைத் தேடுங்கள்.

படச் சட்டத்தின் ஓரம்

ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' (1961) சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. அத்தனை அகலம் இந்தக் கதைக்கு எதற்கு என்ற தயக்கம் இயக்குநருக்கு இருந்தது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி பிரான்சிஸ், ஃபில்டர்களின் ஓரங்களில் தானே வண்ணம் பூசி, சட்டத்தின் இரு பக்கங்களையும் இருட்டாக்கினார். வெளிச்சம் நடுவில் மட்டும் நிற்கும். ஓரத்து இருட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கண் ஓயாமல் தேடும். அந்தத் தேடல்தான் படத்தின் பயம்.

இப்போது இதே படத்தைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்காக நறுக்கிய பிரதியில் பார்த்தால் என்ன ஆகும்? அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 2.35:1 ஆக இருக்கும் சட்டத்தை 1.33:1 ஆக நறுக்கும்போது படத்தில் பத்துக்கு நான்கு பங்குக்கு மேல் போய்விடுகிறது. போவது முழுக்க அந்த ஓரங்கள்தான். சோதிக்க எளிய வழி உண்டு. இதுபோன்ற சினிமாஸ்கோப் படத்தைச் சரியான அளவில் போட்டால் இன்றைய டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். பட்டையே இல்லாமல் திரை நிறைந்திருந்தால் ஓரம் நறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது டிவியின் 'ஜூம்' போட்டிருக்கிறது. 1950களுக்கு முந்திய பெரும்பாலான படங்களுக்கு நேர்மாறு: இடமும் வலமும் பட்டை வர வேண்டும்.

டப்பிங் விஷயத்தில் ஒரு வழக்கமான விதி இங்கே செல்லாது. 'மூல மொழியில்தான் பார்க்க வேண்டும்' என்பது பொதுவாகச் சரி. ஆனால் 1960, 70களின் இத்தாலியத் திகில் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்யாமல் எடுக்கப்பட்டவை. மரியோ பாவாவின் 'பிளேனட் ஆஃப் தி வேம்பயர்ஸ்' (1965) படத்தில் நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் வசனம் பேசினார்கள். குரல் எல்லாம் பின்னால் சேர்த்ததுதான். இத்தாலிய ஒலித்தடம், ஆங்கில ஒலித்தடம் இரண்டுமே டப்பிங் என்பதால், முன்னணி நடிகரின் உதட்டசைவு எதோடு பொருந்துகிறதோ அதை எடுங்கள். பொருந்தாத உதடுகளைக் குறையாக எண்ணாதீர்கள். அந்த நாட்டின் தயாரிப்பு முறை அது.

டிவியும் அறையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மோஷன் ஸ்மூதிங்' எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது இல்லாத ஃப்ரேம்களை இடையில் செருகி, சினிமாவை மெகா சீரியல்போல் ஆக்கிவிடும். 'விவிட்', 'டைனமிக்' வேண்டாம்; 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடு போதும். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் பிரைட்னஸையும் நிறுத்துங்கள், இருட்டுக் காட்சிகளில் அது கூடிக் குறைந்து உறுத்தும். படத்தில் நெளியும் மணல் போன்ற கிரெய்ன் பழுதல்ல, ஃபிலிமின் இயல்பு. அதை நீக்கும் வசதியைப் போட்டால் முகங்கள் மெழுகாகிவிடும். ஸ்ட்ரீமிங்கில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தால், இணைய வேகம் போதவில்லை அல்லது படத்தை அதிகம் சுருக்கி அனுப்புகிறார்கள் என்று பொருள். ஒரே ஒரு காட்சிதானே என்று பொறுத்துக்கொள்ளாமல் புளூரேயோ தரவிறக்கமோ பாருங்கள்.

காது கேளாதோருக்கான சப்டைட்டிலில் 'பின்னால் காலடிச் சத்தம்' போன்ற வரிகள் ஒலி வருவதற்குச் சற்று முன்பே திரையில் வந்துவிடும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் சாதாரண சப்டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

பற்றாக்குறையைப் படிப்பது

சரியான பிரதி கிடைத்துவிட்டது. இனி எதைப் பார்ப்பது? "நிஜம்போல் இருக்கிறதா?" என்று கேட்டால் இந்தப் படங்களில் பாதி தோற்றுவிடும். "இல்லாததை எப்படிச் சமாளித்தார்கள்?" என்று கேளுங்கள். பாவாவின் கிரகத்தில் இருந்தவை முந்தைய படமொன்றிலிருந்து மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகள். கண்ணாடிகளை வைத்து அவற்றைப் பலவாக்கி, புகையை விட்டு, வண்ண விளக்குகளைப் போட்டு ஒரு உலகத்தையே உண்டாக்கினார். புகை அங்கே அழகுக்கு மட்டும் வரவில்லை, அரங்கின் எல்லையை மறைக்கவும் வந்தது. அது தெரிந்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருப்பது கண்ணில் படும்.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) இந்தப் பயிற்சிக்கு மிகச் சிறந்த படம். இயக்குநர் ஹெர்க் ஹார்வி கான்சாஸில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் இயக்கிய முழுநீளக் கதைப்படம் இது ஒன்றுதான். யூட்டாவின் உப்பேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த 'சால்டேர்' கேளிக்கை மண்டபத்தைப் பார்த்துத்தான் இந்தப் படத்தையே யோசித்தார். பேய்க்கு நடிகர் தேடாமல் தானே வேடம் போட்டுக்கொண்டார். துணிக்கடைக் காட்சியைக் கவனியுங்கள்: நாயகியைச் சுற்றியிருக்கும் ஒலிகளெல்லாம் திடீரென அடங்கிவிடுகின்றன, யாரும் அவளைப் பார்ப்பதில்லை. செலவே இல்லாத உத்தி இது. ஒலிப்பதிவில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். படம் முழுக்க வரும் ஆர்கன் இசையை அதுவரை கேட்டுப் பழகியிருந்தால்தான் அந்த நிசப்தம் உலுக்கும். ஆகவே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் காட்சியில் ஒன்றும் நடக்காது.

நடிப்பு விறைப்பாக இருக்கிறதே என்றால், யாருடைய நடிப்பு விறைப்பு என்று பிரித்துப் பாருங்கள். இந்தப் படத்தில் மற்றவர்களிடமிருந்து விலகியே நிற்பவள் நாயகி. அவளிடம் பேசுபவர்கள் ஒட்டாமல் பேசுவது கதைக்குப் பலம் சேர்க்கிறது. வேண்டுமென்றே செய்தார்களா, தற்செயலா என்பதைவிட, திரையில் அது என்ன செய்கிறது என்பதே முக்கியம். ஒரே குறை எல்லாப் பாத்திரங்களிடமும், எல்லாச் சூழலிலும், எந்தப் பயனும் இல்லாமல் வந்துகொண்டிருந்தால் அது வெறும் குறைதான். அப்படிப்பட்ட படங்களும் நிறைய உண்டு. கல்ட் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை.

மெதுவான படங்களுக்கு 30 நிமிடம் கொடுங்கள், அதற்குள் தீர்ப்பு வேண்டாம். சால் பாஸ் இயக்கிய ஒரே முழுநீளப் படம் 'ஃபேஸ் ஃபோர்' (1974). அதில் கென் மிடில்ஹாம் மிக அருகிலிருந்து படமெடுத்த எறும்புகள்தான் நீண்ட நேரத்துக்குப் பாத்திரங்கள், வசனம் கிடையாது. மனிதர்கள் எப்போது வருவார்கள் என்று காத்திருந்தால் சலிப்பு வரும். எறும்புகளின் பக்கமிருந்து கதையைத் தொடர்ந்தால் தெளிவாக ஒரு திட்டம் நடந்துகொண்டிருப்பது புரியும். பாஸ் எடுத்த நீண்ட இறுதிக்காட்சியைத் தயாரிப்பு நிறுவனம் நீக்கிவிட்டது. அது 2012இல்தான் மீண்டும் திரையிடப்பட்டது. முதலில் வெளியான வடிவத்தைப் பாருங்கள், உடனே அந்த மூல முடிவைத் தேடிப் பாருங்கள். சட்டென்று நின்றுவிட்டதுபோல் இருந்த படம் எங்கே போக நினைத்தது என்பது அதில் தெரியும்.

'பிரைமர்' (2004) வேறு வகைச் சிரமம். 7,000 டாலரில் எடுத்த 77 நிமிடக் காலப்பயணப் படம், பாத்திரங்கள் பொறியாளர்களாகவே பேசிக்கொள்வார்கள், நமக்காக எதையும் விளக்க மாட்டார்கள். முதல் முறை நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல் பாருங்கள். இருவருக்கும் இடையே நம்பிக்கை எப்போது குறைகிறது என்பதை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை சப்டைட்டிலோடு, தாளில் காலக்கோடு வரைந்து பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களை முதலில் பார்த்துவிட்டால் படத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமிருக்காது.

எங்கே கெடுகிறது

கூட்டமாக உட்கார்ந்து கிண்டலடித்துப் பார்ப்பது முதல் எதிரி. அறையில் ஒருவர் சிரித்துவிட்டால் இந்தப் படங்களின் பயம் திரும்பி வராது. முதல் முறை தனியாகவோ, பொறுமையுள்ள ஒருவரோடோ பாருங்கள். ஒரே இரவில் மூன்று படம் போடுவதும் வேண்டாம். மூன்றாவது படத்துக்குக் கண்ணும் இருக்காது, காதும் இருக்காது. டிரெய்லர் பார்க்காதீர்கள். பழைய டிரெய்லர்கள் உச்சக்காட்சியையே காட்டிவிடும்.

படம் எந்தச் சூழலில் வெளியானது என்பதைப் பார்த்து முடித்த பிறகு படியுங்கள். ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) அமெரிக்காவில் வெளியானது 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம் கழித்து. வேற்றுக்கிரகவாசி அன்பானவன் என்று ஊரே நெகிழ்ந்திருந்த நேரத்தில், உடலுக்குள் புகுந்து உருவத்தைத் திருடும் ஒன்றை ரசிக்க ஆளில்லை. விமர்சகர்களும் கடுமையாகத் தாக்கினார்கள். இப்போது அந்தச் சுமை இல்லை. ஓரிரு வாரம் விட்டு இரண்டாம் முறை போட்டு, ஒப்பனை உத்திகளைச் செய்த ராப் பாட்டினின் உருமாற்றக் காட்சிகளை விட்டுவிட்டு, யார் யாரோடு தனியாக இருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் நாய் ஒரு அறைக்குள் நுழையும்போது சுவரில் ஒரு மனிதனின் நிழல் மட்டும் தெரியும். யாருடையது என்று படம் சொல்வதில்லை.

அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல்களைவிடப் பெயர்கள் உதவும். இயக்குநரை மட்டுமல்ல, ஒளிப்பதிவாளரையும் எழுத்தாளரையும் பின்தொடருங்கள். 'தி இன்னசென்ட்ஸ்' பிடித்தால், ஃபிரெடி பிரான்சிஸ் பின்னாளில் தானே இயக்கிய திகில் படங்களுக்குப் போகலாம். 'தி ஸ்கல்' (1965) நல்ல தொடக்கம். 'தி திங்' பிடித்தால் கார்பென்டரின் முதல் படமான 'டார்க் ஸ்டார்' (1974) பக்கம் போங்கள். கடற்கரைப் பந்தை வேற்றுக்கிரகப் பிராணியாக நடிக்க வைத்த அந்தப் படத்தைச் சேர்ந்து எழுதிய டேன் ஓபேனன்தான், விண்கலத்துக்குள் ஒரு வேற்றுக்கிரகப் பிராணி என்ற அதே சிக்கலைச் சிரிப்பில்லாமல் எழுதிப் பார்த்து 'ஏலியன்' (1979) கதையை உருவாக்கினார். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், 'டார்க் ஸ்டார்' முதலில்.